சிவக்க மறந்த பொத்தான்

"பொத்தான் சிவந்துட்டா அதை அழுத்தவே முடியாது, அண்ணி" என்றார் கிரேன் கம்பெனி முதலாளி, நான்காவது முறையாக. "அழுத்தவே முடியாத பொத்தானை என் மச்சினிச்சி அழுத்தியிருக்கா. எப்படின்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

அண்ணி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். வளாகத்தில், கவிழ்ந்த இடத்திலிருந்து ஏற்றி வந்து போட்ட மஞ்சள் கிரேன் படுத்திருந்தது. நிற்பதற்காகவே செய்யப்பட்ட ஒன்று படுத்துக் கிடந்தால் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும்.

"நெடுஞ்சாண்கிடையா விழுந்திருக்கே அண்ணி" என்றான் பக்கத்தில் நின்ற சவுண்டு. "என்ன வேண்டுதலோ."

துப்பறியும் தொழிலுக்கு வந்து பத்து வருஷமாகியும் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உதவியாளன் அவளுடைய கணவனின் தம்பி. அவன் "அண்ணி, அண்ணி" என்று பின்னாலேயே அலைந்ததில் கட்சிக்காரர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. அவளைவிட இருபது வயது மூத்த போலீஸ் அதிகாரி ஒருவர்கூடப் போனை எடுத்ததும் "சொல்லுங்க அண்ணி" என்றுதான் ஆரம்பிப்பார். கொழுந்தனுக்குச் சவுண்டு என்று பெயர் வந்ததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. அவனைக் கேட்டாலே போதும்.

"மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி. "பொத்தானை விட்டுட்டு, ஆளைப் பத்திச் சொல்லுங்க."

முதலாளி பெருமூச்சு விட்டார். அவருடைய மனைவி அதே கம்பெனியில் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் காட்டுகிறவள். அவளுடைய தங்கைதான் டிஸ்பாட்சர். எந்த வேலைக்கு எந்த கிரேன் போக வேண்டும் என்று தீர்மானித்து அனுப்புவது பதினான்கு வருஷமாக அவள் பொறுப்பு. அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. திரையில் மூன்று கட்டங்கள். எந்த கிரேன், எவ்வளவு எடை, எவ்வளவு தூரம். கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ஒரு வாளி தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் என்ன வித்தியாசமோ, அதே வித்தியாசம் கிரேனுக்கும் உண்டு. கிட்டத்தில் பதினைந்து டன் தூக்குகிற வண்டி, கையை நீட்டினால் நாலு டன்னுக்கே தடுமாறும். மூன்றையும் நிரப்பியதும் கீழே இருக்கும் 'அனுமதி' பொத்தான் பச்சையாகவே இருந்தால் அனுப்பலாம். சுமை மீறினால் சிவக்கும். சிவந்தால் அழுந்தாது.

போன செவ்வாய்க்கிழமை ஆறு டன் இயந்திரம் ஒன்றைப் பதினெட்டு மீட்டர் தூரத்தில் இறக்கி வைக்க ஒரு கிரேன் போயிற்று. அந்தத் தூரத்தில் அதற்கு மூன்றரை டன்தான் தாங்கும். கவிழ்ந்தது. நல்லவேளையாக ஆளில்லாத ஒரு கொட்டகைமேல். ஓட்டுநருக்குக் கால் முறிந்தது.

"கம்ப்யூட்டர்ல பதிவு இருக்கு" என்றார் முதலாளி. "ஆறு டன், பதினெட்டு மீட்டர், அனுமதி ஒன்பது பன்னிரண்டுக்கு. அவளோட கணக்குலேர்ந்துதான் போயிருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பாதுகாப்பு ஆய்வாளர் வர்றார். 'டிஸ்பாட்சர் தவறு'ன்னு நான் கையெழுத்துப் போட்டா அவளோட லைசென்ஸ் ஆயுசுக்கும் போயிடும். போடாம இருக்க ஒரு காரணம் கொடுங்க. என் மனைவி ஆறு நாளா என்கூடப் பேசலை."

"சார், மச்சினிச்சியைக் காப்பாத்தவா, வீட்டுச் சாப்பாட்டைக் காப்பாத்தவா கூப்பிட்டீங்க?" என்றான் சவுண்டு.

முதலாளி மேஜை விசிறிக் காற்றில் படபடத்த காகிதங்களின் மேலிருந்த மவுஸை எடுத்து, அடுத்த கட்டின் மேல் பாரமாக வைத்தார்.

அண்ணியின் பார்வை அந்த மவுஸில் ஒரு நொடி நின்று நகர்ந்தது.

"எலியைக் காவலுக்குப் போட்டிருக்கீங்களே சார்" என்றான் சவுண்டு.

"எனக்கு அந்த வேலையெல்லாம் ஆகாது. டைப்ரைட்டர்ல பழகின விரல் இது. எல்லாமே கீபோர்டுதான், தடதடன்னு போயிடும்."

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

மென்பொருளை எழுதியவர் பக்கத்து அறையில் காத்திருந்தார். எல்லோரும் அவரைக் கோடு என்றார்கள். கம்ப்யூட்டருக்குக் 'கோடு' எழுதுகிறவர் என்பது ஒரு காரணம். ஆளே ஒரு கோடு மாதிரி இருந்தது இன்னொன்று. மடிக்கணினியைக் குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டிருந்தார்.

"என் புரோகிராம்ல தப்பு இருக்க சான்ஸே இல்ல மேடம். முந்நூத்திப் பன்னிரண்டு சோதனை வச்சிருக்கேன். பாருங்க."

ஒரு விசையைத் தட்டினார். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. யாரும் தொடாமலே கட்டங்களில் எண்கள் விழுந்தன. ஒன்பது டன், இருபது மீட்டர். அம்புக்குறி பொத்தானை நோக்கி ஊர்ந்து போய் அதன்மேல் அழுத்தியது. பொத்தான் சிவந்தது. சோதனை தேறியதற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு பச்சை டிக் விழுந்தது.

"பேய்ப் படத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்கன்னு சொல்லவேயில்லையே அண்ணி" என்று சவுண்டு இரண்டடி பின்வாங்கினான்.

"ரோபோ" என்றார் கோடு பெருமையாக. "மனுஷன் மாதிரியே திரையைப் பாத்து, மனுஷன் மாதிரியே அழுத்தும். ஒரு சோதனைக்கு ரெண்டு நிமிஷம். முழுசும் ஓடி முடிய பத்து மணி நேரம். போன வாரம் விபத்துக்கு அப்புறமும் ஓட்டினேன். எல்லாம் பச்சை."

"அத்தனை தடவையும் பொத்தான் சிவந்துதா?"

"சிவக்க வேண்டிய இடத்துல எல்லாம் சிவந்துது. ஒரு தடவைகூட ஏமாத்தலை."

"அதாவது கதவு பூட்டியிருக்கு. ஆனா உள்ள இருந்த ஆளு வெளியே போயிட்டான்." அண்ணி நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ரோபோ செய்ததை வரிசையாக எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் கடைசி வரியின் அடியில் ஒரு கோடு போட்டாள்.

"என்ன அண்ணி, அதுல?"

"அம்புக்குறி பொத்தானை அழுத்துதுன்னு எழுதியிருக்கேன்."

"இதுக்குப் போயி அடிக்கோடா? அதுதானே எல்லாரும் செய்வாங்க?"

"எல்லாரும் செய்வாங்கன்னுதான் இவரும் நெனச்சிருக்கார்."

அடுத்து அவள் போனது டிஸ்பாட்சரின் மேஜைக்கு. ஆறு நாளாக யாரும் உட்காராத நாற்காலி. சுவரில் கிரேன்களின் வரிசை எண்கள், ஓரத்தில் ஓட்டுநர்களோடு பேசும் வயர்லெஸ் மைக். விசைப்பலகையின் எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. மேஜை விளிம்பில் பதினான்கு வருஷத்து முழங்கை வழவழப்பு. எல்லாமே பழசு, மவுஸைத் தவிர. அதன் முதுகில் கடையில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை.

"புதுப் பொண்ணு மாதிரி முக்காடு போட்டுட்டு உக்காந்திருக்கு" என்றான் சவுண்டு.

"அந்த முக்காட்டைத்தான் விசாரிக்கணும். வா."

டிஸ்பாட்சரைப் பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பினால் அக்கா சண்டைக்கு வருவாள். மேஜையில் உட்கார வைத்தால் ஆய்வாளர் கேள்வி கேட்பார். அதனால் முதலாளி கண்டுபிடித்த நடுவழி அது. முப்பத்தெட்டு வயதுக்காரி, மூக்கில் தூசியோடு ஒரு கோப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் அதையேதான் கேப்பீங்க. சிவந்த பொத்தானை ஏன் அழுத்தினேன்னு" என்றாள், நிமிர்ந்து பார்க்காமலே.

"இல்லம்மா. புது மவுஸ் எப்ப வந்துதுன்னு கேக்க வந்தேன்."

டிஸ்பாட்சர் நிமிர்ந்தாள். ஆறு நாளில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"செவ்வாய்க்கிழமை. மத்தியானம் வாங்கிட்டு வந்து கொடுத்தாங்க. காலைல எட்டரைக்கே பழசு செத்துப் போச்சு."

"அப்ப ஒன்பது பன்னிரண்டுக்கு?"

"இல்லாமத்தான் வேலை பாத்தேன். ரெண்டு வண்டி வாசல்ல நிக்குது, மவுஸுக்காகக் காத்திருக்க முடியுமா?"

"எப்படி வேலை பாத்தே? அந்த மேஜைமேல செஞ்சு காட்டு. யோசிக்காதே, விரலை அது போக்குல விடு."

டிஸ்பாட்சர் கண்ணை மூடினாள். இரும்பு மேஜையே விசைப்பலகை ஆயிற்று. வண்டி எண்ணைத் தட்டினாள், இடது கை ஒரு தாவு தாவி அடுத்த கட்டத்துக்குப் போயிற்று. எடையைத் தட்டினாள், மறுபடி ஒரு தாவு. தூரத்தைத் தட்டினாள். பிறகு வலது கைச் சுண்டுவிரல் ஓரமாகப் போய் ஒரே ஒரு தட்டு தட்டியது.

"அந்தக் கடைசித் தட்டு?"

"எண்டர்."

"பொத்தான் அப்ப என்ன நிறத்துல இருந்துச்சு?"

"பச்சை, அண்ணி." கண்ணைத் திறந்தாள். "நான் பாத்தேன். பச்சையைப் பாக்காம நான் ஒரு வண்டியையும் அனுப்பினதில்ல. அந்த ஓட்டுநர் வீட்டுக்கு நான் எந்த முகத்தோட போவேன்? பொய் சொல்றேன்னு மாமாவே நெனக்கிறார்."

அண்ணி அவள் மூக்கிலிருந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

"எழுந்திரு. உன் மேஜைக்குப் போகலாம்."

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து விபத்து நாளின் எண்களைப் போட்டாள். அதே வண்டி, ஆறு டன், பதினெட்டு மீட்டர். மவுஸைப் பிடித்துப் பொத்தானில் அழுத்தினாள். பொத்தான் பளிச்சென்று சிவந்தது.

"பாத்தீங்களா!" என்றார் கோடு.

"பாத்தேன். இப்ப நீங்க பாருங்க."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதே எண்களை மறுபடி தட்டினாள். இந்த முறை மவுஸைத் தொடவில்லை. பதினெட்டு என்று தட்டிய கையோடு எண்டரைத் தட்டினாள்.

பொத்தான் பச்சையாகவே இருந்தது. திரை நடுவில் ஒரு வாசகம் எழும்பியது: அனுமதி வழங்கப்பட்டது.

கோடு, பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தார். நல்லவேளை, இருந்தது.

"என்னய்யா இது?" என்றார் முதலாளி.

"சுமைக் கணக்கை... அந்தத் தூரக் கட்டத்துலயே எழுதி வச்சிருக்கேன் சார்" என்றார் கோடு மெல்ல. "கட்டத்தை விட்டு வெளியே போறப்பதான் கணக்கு ஓடும். மவுஸால எங்க அழுத்தினாலும் கட்டத்தை விட்டு வெளியே போயாகணும், அதனால கணக்கு ஓடிச் சிவந்துடும். ஆனா கட்டத்துக்குள்ள இருந்தபடியே எண்டர் தட்டினா..."

"கணக்கு ஓடாமலே அனுமதி போயிடும்" என்று முடித்தாள் அண்ணி. "உங்க ரோபோ முந்நூத்திப் பன்னிரண்டு தடவை கதவை ஆட்டிப் பாத்துச்சு. ஜன்னல் பக்கம் ஒரு தடவைகூடப் போகலை."

ஆனால் முதலாளியின் முகம் இன்னும் இளகவில்லை.

"சரி, கோளாறு இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா பதினெட்டு மீட்டர்னு தட்டறப்ப அவளுக்கே உறைச்சிருக்க வேணாமா? நானும் அவ லீவு போட்டாலும், காலைல அவ வர்றதுக்கு முன்னாடியும், என் மேஜைலேர்ந்து இதே திரையில எத்தனை வண்டி அனுப்பறேன். இந்த ஆறு நாளா நான்தானே பாக்கறேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இப்படி அனுப்பியிருப்பேனா?"

"நிச்சயமாத் தெரியுமா சார்?"

"நிச்சயமா."

"அப்ப அதையும் பாத்துடலாமே." அண்ணி கோடு பக்கம் திரும்பினாள். "இந்த ஒரு வருஷத்துல போன அனுமதி எத்தனை?"

"ஐயாயிரத்து எண்ணூத்தி நாப்பது."

"அத்தனையையும் மறுபடி கணக்குப் போட்டுப் பாக்கணும்."

"ரோபோவை விட்டா ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம்." கோடு விரல் விட்டு எண்ணினார். "எட்டு நாளாகும் மேடம்."

"ஆய்வாளர் நாலு மணிக்கு வர்றார்" என்றான் சவுண்டு. "எட்டு நாள் அவருக்குக் காப்பி ஊத்திக் கொடுத்துட்டே இருக்க முடியாது."

"திரையை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?" என்றாள் அண்ணி. "கட்டமும் பொத்தானும் கலரும் வெறும் முகம். கணக்குப் போடறது அதுக்குப் பின்னால இருக்கற மூளை. மூளையை மட்டும் தனியாக் கூப்பிட்டு விசாரிக்க முடியாதா?"

"அதான் முடியாது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. கணக்கு திரையில இருக்கற கட்டத்தைத்தான் கேக்கும், பொத்தான் கலரைத்தான் மாத்தும். திரை இல்லாம அதுக்குப் பேச்சே வராது."

"கூட்டுக் குடும்பம்னு சொல்லுங்க" என்றான் சவுண்டு. "தனிக்குடித்தனம் வச்சுடுங்க. ரெண்டு பேரும் நல்லா இருப்பாங்க."

கோடு சிரிக்கவில்லை. பல்லைப் பிடுங்கச் சொன்னவரைப் போலத் தாடையைத் தடவினார். பிறகு டிஸ்பாட்சரின் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தார்.

தனிக்குடித்தனம் வைக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. அவர் கணக்கை வெட்டி வெளியே எடுத்துக்கொண்டிருக்கும்போது அண்ணி சும்மா இருக்கவில்லை. டிஸ்பாட்சர் ஒவ்வொரு கிரேனோடும் தயாரிப்பாளர் கொடுத்த சுமைப் புத்தகங்களைக் கொண்டுவந்து போட்டாள். "நீயே சொல்லு. எந்த எண்களைக் கொடுத்தா இந்தக் கணக்கு திணறும்?" என்று அண்ணி கேட்க, டிஸ்பாட்சர் சொல்லச் சொல்ல, சவுண்டு எழுதினான். வண்டி, எடை, தூரம், ஆம் அல்லது இல்லை. நாற்பது வரி சேர்ந்தது. எல்லைக்குச் சரியாக ஒரு மயிரிழை உள்ளே, ஒரு மயிரிழை வெளியே என்று அவள் தேடித் தேடிக் கொடுத்தாள்.

"அக்கா, நீங்க பரீட்சைக்குக் கேள்வித்தாள் எடுத்தா ஒருத்தனும் பாஸாக மாட்டான்" என்றான் சவுண்டு கையை உதறிக்கொண்டே. ஆறு நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

இரண்டு மணிக்குக் கோடு நிமிர்ந்தார். இப்போது அந்தக் கணக்குக்குக் கட்டமும் இல்லை, கலரும் இல்லை. மூன்று எண் கொடுத்தால் ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லும். அவ்வளவுதான். நாற்பது வரியையும் அதற்குள் ஊட்டினார். கண் சிமிட்டுவதற்குள் பதில் வந்தது. முப்பத்தெட்டு சரி. இரண்டு தப்பு.

"பதினொன்று புள்ளி ஆறு மீட்டரைப் பதினொன்னுன்னு எடுத்துக்குது" என்றாள் டிஸ்பாட்சர் உடனே. "பன்னிரண்டுன்னுதான் எடுத்துக்கணும். தூரத்தை எப்பவும் மேல் பக்கம்தான் தள்ளணும்."

"இது அஞ்சு வருஷமா இப்படித்தான் இருக்கு!" கோடு தலையில் கை வைத்தார். "ரோபோ முழு எண்ணாவே போட்டுக்கிட்டு இருந்திருக்கு." திருத்தினார். மறுபடி ஓட்டினார். நாற்பதும் சரி.

"இப்ப அந்த ஐயாயிரத்து எண்ணூத்தி நாப்பதையும் கொடுங்க" என்றாள் அண்ணி.

கோடு விசையைத் தட்டினார். சவுண்டு, "எட்டு நாளுக்குத் துணிமணி எடுத்துட்டு..." என்று ஆரம்பித்தான். வாக்கியம் முடியவில்லை. கணக்கு முடிந்திருந்தது.

திரையில் முப்பத்தேழு வரிகள் நின்றன. அனுப்பியிருக்கவே கூடாத முப்பத்தேழு அனுமதிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் கொடுத்தது என்ற விவரம்.

ஒரு வரியில் டிஸ்பாட்சர். போன செவ்வாய்க்கிழமை.

மீதி முப்பத்தாறு வரிகளிலும் முதலாளி.

சவுண்டு வரிகளை விரல்விட்டு இரண்டாவது முறை எண்ணினான்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எண்கள் மாறவில்லை.

"உங்க மவுஸ் காகிதத்துக்குப் பாரமா உக்காந்திருக்கறதைக் காலைல பாத்தேன் சார்" என்றாள் அண்ணி. குரலில் வெற்றி எதுவும் இல்லை. "தடதடன்னு போற விரல்னு நீங்களே சொன்னீங்க. உங்களுக்கு எப்பவுமே எண்டர்தான். அதாவது அந்தப் பொத்தான் உங்களுக்காக ஒரு நாளும் சிவந்ததே இல்ல. அவளுக்கு மவுஸ் செத்தது ஒரே ஒரு காலை. அந்த ஒரு காலைல வண்டி கவிழ்ந்துடுச்சு. உங்க முப்பத்தாறும் கவிழாம போனது, வண்டியில கொஞ்சம் உபரி பலம் இருந்ததாலயும், காத்து அடிக்காததாலயும்தான்."



டிஸ்பாட்சர் அவரைப் பார்க்கவே இல்லை. அவள் விரல் திரையில் மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டிருந்தது. கடைசி வரியில் நின்றது.

"மாமா, இது இன்னிக்குத் தேதி."

"என்னது?"

"காலைல ஒன்பது நாப்பது. நாலாம் நம்பர் வண்டி. குளிர்சாதன இயந்திரம், மாடிக்கு. அஞ்சு டன், பத்தொன்பது மீட்டர். தூக்க வேண்டிய நேரம் ரெண்டரை." அவள் குரல் தாழ்ந்தது. "கீழ நின்னு சிக்னல் காட்டறது அக்கா."

சுவர்க் கடிகாரம் இரண்டு இருபத்தெட்டு என்றது.

முதலாளி போனை எடுத்து மனைவியின் எண்ணை அழுத்தினார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சுமை தூக்கும்போது யாரிடமும் போன் பேசக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். கையில் போனோடு அப்படியே நின்றுவிட்டார்.

டிஸ்பாட்சர் நிற்கவில்லை. அண்ணி எழுந்து விலக, அவள் தன் நாற்காலியில் விழுந்து வயர்லெஸ் மைக்கை இழுத்தாள்.

"நாலாம் நம்பர், நாலாம் நம்பர். நிறுத்துங்க. தூக்காதீங்க. நாலாம் நம்பர்."

கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது.

"அக்கா! நான்தான். காது கேக்குதா?"

"யாருடி, நீயா?" மறுமுனையில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல். "நீ எப்படி மைக்ல? உன்னை உக்கார வேணாம்னு சொல்லியிருக்காரே."

"அதை அப்புறம் பேசலாம். சுமை எங்க இருக்கு?"

"தரையை விட்டு ஒரு முழம் எழும்பிடுச்சு. இப்பதான் கையை நீட்டப் போறான்."

"நீட்டாதே! அப்படியே கீழ இறக்கு."

"என்னடி சொல்றே? அனுமதி கையில இருக்கு. உன் மாமா கொடுத்தது. பச்சை விழுந்திருக்கு."

டிஸ்பாட்சர் திரும்பி முதலாளியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, அவசரம் மட்டும்தான். அவர் இரண்டே எட்டில் வந்து மைக்கில் குனிந்தார்.

"நான்தான் பேசறேன். அந்த அனுமதி தப்பு. நான் கொடுத்தது தப்பு. அவ சொல்றதை மட்டும் கேளு."

பிறகு தூரத்தில் ஒரு கை தட்டல், ஒரு விசில், சங்கிலி உரசும் சத்தம். 'தொம்' என்று ஏதோ மண்ணில் உட்கார்ந்தது.

"இறக்கியாச்சு" என்றது குரல். மூச்சு வாங்கியது. "ஏய், வண்டியைத் தாங்கற பின்பக்க முட்டுக் கால் ரெண்டு விரக்கடை மேலே தூக்கியிருந்திருக்குடி. மண்ணுல தடம் தெரியுது. நான் கவனிக்கவே இல்ல."

டிஸ்பாட்சர் மேஜைமேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அண்ணி அவள் முதுகில் கை வைத்தாள்.

மைக் மறுபடி கரகரத்தது. "என்னங்க, இருக்கீங்களா? ஆறு நாளா அவளைக் கோப்பு அடுக்க வச்சீங்களே. சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. பேசணும்."

"சார், வாழ்த்துகள்" என்றான் சவுண்டு. "அவங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க."

கோடு அந்த இடைவெளியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து மீதி வேலையை முடித்தார். இனி மவுஸால் அழுத்தினாலும், எண்டர் தட்டினாலும், நாளைக்கே வேறு ஒரு திரை வந்தாலும், எல்லாம் அந்தத் தனிக் கணக்கிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். "எந்த வாசல் வழியா வந்தாலும் காவல்காரர் ஒருத்தர்தான்" என்று அண்ணியிடம் சொன்னார். டிஸ்பாட்சர் எழுதிக் கொடுத்த நாற்பது வரிகளை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டப்போவதாகவும் சொன்னார். "நாப்பது போதாது, நூறு தரேன்" என்றாள் டிஸ்பாட்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆய்வாளர் நாலு மணிக்கு வந்தார். நடந்ததைக் கேட்டார், எண்டர் தட்டிப் பார்த்தார், முப்பத்தேழு வரிகளைப் படித்தார். பிறகு படிவத்தைப் பிரித்து 'விபத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் பேனாவை வைத்தார்.

"மென்பொருள் கோளாறுன்னு போட்டுடறேன்" என்றார். "யாருக்கும் பாதகம் இல்ல. சரிதானே?"

கோடு தலையைக் குனிந்துகொண்டார். சவுண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

"அது பாதிதான்" என்றார் முதலாளி. "மீதியையும் எழுதணும். முப்பத்தாறு தடவை நான் பாக்காம அனுப்பினது. ஓட்டுநர் கால் முறிஞ்சப்ப, என்ன நடந்துதுன்னு கேக்காம இவ மேல பழியைப் போட்டது. அதுக்கெல்லாம் உங்க படிவத்துல இடம் இருக்கா?"

ஆய்வாளர் தாளைத் திருப்பினார். "பின்பக்கம் காலியா இருக்கு. நீங்களே எழுதுங்க."

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். பின்பக்கம் போதவில்லை. டிஸ்பாட்சர்தான் இன்னொரு தாள் எடுத்துக் கொடுத்தாள்.